தொறு மீட்டலும் தடங்காட்டி வில்லையும்

களவு போன பொருளைத் தேடி மீட்டு வருதல் தமிழர்க்குப் புதிய செயல் அன்று. அதற்கெனத் தனித் திணை ஒன்றையே வகுத்துக்கொண்டவர்கள் நம் முன்னோர். பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருதல் வெட்சி எனவும், கவரப்பட்ட நிரையை உரியவர் சென்று மீட்டல் கரந்தை எனவும் புறப்பொருள் வெண்பாமாலை பிரித்துப் பேசுகின்றது. தொல்காப்பியரோ இரண்டையும் வெட்சியினுள் அடக்குவார். தேர்வுத்தாளில் இவ்வேறுபாட்டைப் பலமுறை எழுதிய மாணவர்க்கு நாம் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் சுட்டுவோம். நிரை நிற்கும் இடத்தை ஒற்றரால் அறிந்துகொள்வதனை 'வேய்' என ஒரு துறையாகவும், அந்நிரையைக் கைக்கொள்வதனை 'ஆகோள்' என வேறொரு துறையாகவும் தொல்காப்பியம் எண்ணுகின்றது. இடத்தை அறிதல் வேறு, பொருளைக் கைக்கொள்ளுதல் வேறு. ஈண்டு நாம் சொல்லப் புகுவதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பற்றியதே.

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 1965வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த தருமபுரி நிலத்திலும், அதனை அடுத்த செங்கம் வட்டாரத்திலும் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் பல பல்லவர் காலத்தைச் சார்ந்தவை. ஆநிரையைத் 'தொறு' என்னும் சொல்லால் குறிக்கும் அக்கல்வெட்டுகள், தொறுவை மீட்கும் முயற்சியில் உயிர்நீத்த வீரர்களின் பெயர்களை இன்றளவும் தாங்கி நிற்கின்றன. மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் இருந்த காலம் அது. செல்வத்தைத் திரும்பப் பெற உயிரையும் விலையாகக் கொடுத்தனர்.

இந்நாளில் எளியவரின் தொறு மிதிவண்டி. இளம்பிள்ளையை அறிந்தவர்க்கு இது விளங்கும். கஞ்சமலையின் அடிவாரத்தில், சேலைகளால் பெயர் பெற்ற இவ்வூரில் தறியின் ஓசை கேளாத தெரு அரிது. விடியலில் தறிப்பட்டறைக்குச் செல்பவரும், நூல் மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு செல்பவரும், பேருந்து நிறுத்தம்வரை மிதித்துச் சென்று அங்குள்ள கடையோரம் வண்டியைப் பூட்டிவிட்டுக் கல்லூரிக்குப் பேருந்து ஏறும் மாணவரும் இதனையே நம்பியிருக்கின்றனர். இருசக்கர மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன என்பது மெய்தான். ஆயினும் அவை வாங்க இயலாதவர் இன்னும் உளர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்ற பல்லாயிரம் பெண்களை நாடே வியந்து நோக்கியது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு எனத் தொடங்கிய அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் ஏனைய மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. அவ்வண்டிகளுக்கு ஒரு குறை உண்டு. ஒரே நிறத்தில் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருத்தலால், பத்து வண்டிகள் நிற்குமிடத்தில் தன் வண்டி எது என அறிய அதற்கு உரியவளே சற்றுத் திகைப்பாள். கள்வனுக்கு இதனினும் வசதி வேறு வேண்டுவதில்லை.

எம் அத்தா மிதிவண்டியில் சேலை மூட்டை கட்டிச் சுற்று வட்டாரச் சிற்றூர்களில் விற்று வந்தவர். எமக்குப் பத்து வயது இருக்கும்போது அவ்வண்டி சந்தையில் காணாமற்போயிற்று. மூன்று நாள் அவர் வியாபாரத்திற்குச் செல்லவில்லை. நான்காம் நாள் மூட்டையைத் தலையில் சுமந்து சென்றார். இரண்டு திங்கள் கழித்து வேறோர் ஊரின் சைக்கிள் கடையில், புதுப் பச்சை வண்ணம் பூசிய வண்டி ஒன்றைக் கண்டு நின்றார். பெடலின் தேய்மானம் அவர்க்குத் தெரிந்த தேய்மானம். கடைக்காரர் ஒப்பவில்லை, சண்டைக்கும் வந்துவிட்டார். அத்தா ஒரு ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, சீட்டுக்குக் கீழுள்ள குழாயைத் தளர்த்தி உருவினார். உள்ளேயிருந்து ஒரு சுருட்டிய காகிதம் வெளிப்பட்டது. பாலித்தீன் தாளில் பொதிந்து, எண்ணெய்க் கறை ஏறிய அந்தக் காகிதத்தில் அவர் பெயரும் தந்தை பெயரும் தெருவும் எழுதப்பட்டிருந்தன. கடைக்காரர் அதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை. அவரும் யாரிடமோ விலை கொடுத்து வாங்கி ஏமாந்தவரே.

அக்காலத்தில் பலரும் கையாண்ட உத்தி இது. ஹேண்டில்பாரின் கிரிப்பைக் கழற்றி அதனுள் செருகி வைப்பாரும் இருந்தனர். நகராட்சிகள் மிதிவண்டிக்கு ஆண்டு வரி பெற்றுக்கொண்டு தகட்டு வில்லை கொடுத்த காலமும் ஒன்று இருந்தது. வெளியே தொங்கும் வில்லையைக் கள்வன் முதல் வேலையாகப் பிடுங்கி எறிவான், உள்ளே கிடக்கும் காகிதத்தை அறியான். ஆனால் இக்காகிதம் ஒரு வினாவிற்கே விடை தரும்: வண்டி யாருடையது? எங்கே இருக்கின்றது என்பதை அது சொல்லாது. அத்தா அதனைக் கண்டது தற்செயல்.

எங்கே என்னும் வினாவிற்கு விடை சொல்ல மனிதர்களே இருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் தென்மாவட்டங்களை ஆண்ட ஆங்கில அதிகாரிகள் 'துப்புக்கூலி' என்னும் வழக்கத்தைத் தம் அறிக்கைகளில் பதிந்துள்ளனர். மாட்டைப் பறிகொடுத்தவர் இடையாள் ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுப்பார், மாடு இன்ன இடத்தில் கட்டியிருக்கும் எனச் செய்தி வரும், சென்று அவிழ்த்துக்கொள்ளலாம். கவர்ந்தவர் யார் என யாரும் கேளார். துப்பு என்றால் அடையாளச் செய்தி. அதற்குரிய கூலி துப்புக்கூலி. இன்று திங்கள்தோறும் கட்டணம் செலுத்திச் செயற்கைக்கோள் வழியாக வண்டி இருக்குமிடத்தை அறிந்துகொள்பவரை நோக்கும்போதெல்லாம் இச்சொல் எம் நினைவிற்கு வருகின்றது.

இனி, அக்கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன எனக் காண்போம். மாணவர்கள் எல்லாவற்றையும் 'டேக்' என ஒரே பெயரால் அழைக்கின்றனர்; நாம் தடங்காட்டி என்போம். இவற்றுள் இருவகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே பல ஏமாற்றங்கள் நேர்கின்றன.

முதல் வகை ஜி.பி.எஸ். கருவி. செயற்கைக்கோள் மேலிருந்து நம் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றது எனப் பலரும் எண்ணுகின்றனர். அது பிழை. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அக்கோள்கள் தம் இருப்பையும் நேரத்தையும் ஓயாது ஒலிபரப்புகின்றன, அவ்வளவே. குறைந்தது நான்கு கோள்களின் குறிகளைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைக் கொண்டு கருவியே தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகின்றது. அமெரிக்கப் படைத்துறை உருவாக்கிய இவ்வமைப்பு 1995இல் முழுமையாகச் செயற்பாட்டிற்கு வந்தது. பொதுமக்களுக்கெனக் கலந்து வைத்திருந்த செயற்கைப் பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதம் நீக்கிய பின்னரே திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் எல்லார்க்கும் வாய்த்தது. ஆனால் கருவி தன் இடத்தை அறிந்தால் மட்டும் போதாது. நமக்குச் சொல்ல வேண்டும். அதற்குக் கைப்பேசியில் உள்ளது போன்ற சிம் அட்டையும் கட்டணமும் வேண்டும். பேசப் பேச மின்கலம் தீரும். அடிக்கடி மின்னேற்ற வேண்டும். புதிய பொதுப் போக்குவரத்து ஊர்திகளில் இத்தகைய கருவி 2019 முதல் நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. பேருந்துக்குத் தன் பெரிய மின்கலம் உண்டு. மிதிவண்டிக்கு ஏது? பழைய டைனமோவும் இப்போது அருகிவிட்டது.

இரண்டாம் வகை சிறு வில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. பத்து ரூபாய் நாணயத்தினும் சற்றே பெரிது, எடை பதினொரு கிராம். கைக்கடிகாரத்திற்குப் போடுவது போன்ற ஒற்றை மின்கலத்தில் ஏறத்தாழ ஓராண்டு உழைக்கும். வியப்பு யாதெனில், தான் எங்கே இருக்கின்றது என்பது அவ்வில்லைக்கே தெரியாது. புளூடூத் என்னும் குறுந்தொலைவு அலையால் 'இங்குள்ளேன், இங்குள்ளேன்' எனக் கூவுவதொன்றே அதன் தொழில். அவ்வழியே செல்லும் யாரோ ஒருவரின் கைப்பேசி அக்கூவலைக் கேட்டு, தன்னுடைய இருப்பிடத்தை அதனோடு சேர்த்து, மறையெழுத்தாக்கி அனுப்பிவிடுகின்றது. வில்லைக்கு உரியவர் மட்டும் அதனைப் பிரித்துப் படிக்கலாம். கைப்பேசிக்காரர்க்குத் தாம் ஒற்றராகப் பயன்பட்டது தெரியவே தெரியாது.

இதனால் விளைவது என்ன? ஐபோன் மலிந்த பெருநகரத்தில் ஆப்பிள் வில்லைக்கு ஆயிரம் செவிகள். எம் தெருவில் மிகச் சில. கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான இத்தகைய வலையை 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. நம்மூரில் பெரும்பாலோர் கையில் இருப்பவை ஆண்ட்ராய்டே ஆதலால் அது நமக்கு ஏற்றது எனத் தோன்றும். ஆனால் அந்நிறுவனம் வகுத்த தொடக்க அமைப்பின்படி, மக்கள் நெருக்கமுள்ள இடங்களில் பல கைப்பேசிகள் ஒருங்கே கேட்டால்தான் செய்தி போகும். தனித்து ஒரு கைப்பேசி சொல்லாது. ஆளற்ற சந்தில் நிறுத்திய வண்டி ஊமையாகிவிடுகின்றது.

மறைத்து வைக்கும் இடமும் கருத வேண்டியது. அத்தாவின் காகிதத்தைப் போல இவ்வில்லையையும் சீட்டுக் குழாயினுள் போட்டுவிடலாம் எனச் சிலர் நினைக்கின்றனர். போட்டால் அதன் குரல் வெளியே வாராது. இரும்புக் குழாய் ரேடியோ அலைக்குக் கோட்டை மதில். கஞ்சமலையின் இரும்புக்கல்லும் அதன் அடிவாரத்து உருக்காலையும் எம் வட்டாரத்திற்குப் பெருமை சேர்ப்பன. இந்த ஒரு செயலில் மட்டும் இரும்பு எமக்குப் பகை. சீட்டின் அடிப்புறத்து ரெக்சின் உறைக்குள்ளும், பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பானின் பிளாஸ்டிக் கூட்டினுள்ளும், தண்ணீர்ப் புட்டி தாங்கியின் அடியிலும் வைப்பவர் உளர். கள்வரும் இவ்விடங்களை அறியத் தொடங்கிவிட்டனர் என்பது வேறு.

இனி அண்மையில் இளம்பிள்ளையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எம் மாணவர் ஒருவர். தந்தை தறித் தொழிலாளி. பெங்களூரில் வேலை செய்யும் அண்ணன் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிளைப் பேருந்து நிறுத்தத்தில் பூட்டிவிட்டு வந்தவர், மாலையில் திரும்பியபோது பூட்டின் துண்டை மட்டும் கண்டார். அண்ணனே ஒரு தடங்காட்டி வில்லையையும் சீட்டின் அடியில் ஒட்டியிருந்தார். கைப்பேசியைத் திறந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பட்டறைகளுக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளின் மேல் நின்றது அப்புள்ளி. நண்பர்கள் சேர்ந்தனர், வழியில் பெரியவர்கள் சிலரும் சேர்ந்தனர். அங்கே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். கூட்டம் தட்டியது ஒரே ஒரு கதவை. வடமாநிலத்திலிருந்து தறி வேலைக்கு வந்து இரண்டு திங்கள் ஆகியிருந்த ஓர் இளைஞரின் கதவு அது. ஏன் அந்தக் கதவு என்பதற்குக் கூட்டத்தில் எவரிடமும் விடை இல்லை. அவர் வீட்டிலிருந்த பெட்டி, பாய், அடுப்பு எல்லாம் வெளியே வந்தன. மொழி புரியாமல் அவர் கைகூப்பி நின்ற காட்சியைப் பின்னர் அம்மாணவர் எம்மிடம் சொன்னபோது அவரால் தலைநிமிர முடியவில்லை.

வில்லை எங்கிருந்தது? லைன் வீடுகளின் முனையில், சாக்கடை ஓரத்தில் கிடந்தது. யாரோ சீட்டிலிருந்து பிய்த்து எறிந்துவிட்டுப் போயிருக்கின்றார்கள். வண்டி இல்லை.

மறுநாள் மாணவரின் தாயார் அந்த இளைஞரின் வீட்டிற்குச் சென்று, "மன்னிச்சுக்க தம்பி" என்று சொல்லி, ஒரு தூக்குச்சட்டியில் சோறு வைத்துவிட்டு வந்தார். அவர் அதனை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

புள்ளி பொய் சொல்லவில்லை. புள்ளியைப் படிக்கத் தெரியாமையே தவறு. அப்புள்ளி வில்லையின் இடம் அன்று, அதைக் கேட்ட கைப்பேசியின் இடம். அக்கைப்பேசி தகரக் கூரைக்கு அடியில் இருந்திருந்தால் அதன் கணிப்பே பல மீட்டர் விலகும். வில்லையின் கூவலோ பத்து மீட்டர்க்கு அப்பாலும் கேட்கும். லைன் வீடு ஒன்றின் அகலம் பத்தடி. ஆகவே ஒரு புள்ளி என்பது நடைமுறையில் ஐந்தாறு குடும்பங்கள். வரைபடத்தில் புள்ளியைச் சுற்றி வரையும் வெளிர்வட்டம் அந்த ஐயத்தைத்தான் காட்டுகின்றது. அவசரத்தில் யாரும் அதனைக் கருதுவதில்லை. புள்ளிக்குக் கீழே எழுதியிருக்கும் நேரத்தையும் பார்ப்பதில்லை. 'நாற்பது நிமிடத்திற்கு முன்' என்றிருந்தால், நாற்பது நிமிடத்தில் மிதிவண்டி சேலம் போய்ச் சேர்ந்திருக்கும்.

வில்லை எவ்வாறு பிய்த்தெறியப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது. இதே வில்லையை ஒரு பெண்ணின் கைப்பையில் அவளறியாமல் போட்டு அவளைப் பின்தொடர்ந்த கொடுமைகள் பல நாடுகளில் வெளிவந்தன. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆப்பிளும் கூகுளும் இணைந்து ஒரு பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தன; தமக்குரியதல்லாத வில்லை ஒன்று தம்மோடு பயணம் செய்தால் எவருடைய கைப்பேசியும் எச்சரிக்கும். இது வேண்டிய ஏற்பாடே. பிறர் மறைவைத் துருவி ஆராய்தலை மார்க்கமும் விலக்கியுள்ளது. நம் உச்சநீதிமன்றமும் 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. ஆனால் கைப்பேசி, கள்வன் யார் காவலன் யார் என அறியாது. பெண்ணைக் காக்கும் அதே எச்சரிக்கை, வண்டியைத் திருடிச் செல்பவனுக்கும் 'உன்னோடு ஒரு வில்லை வருகின்றது' எனச் சொல்லிவிடுகின்றது. இரண்டில் ஒன்றைத்தான் கொள்ள முடியும் என்றால், வண்டி போனாலும் போகட்டும் என்பதே எம் கருத்து. இதனை ஏற்காத ஆசிரிய நண்பர்களும் எம் துறையில் உளர்.

வெளிநாடுகளில் இக்கருவியை உரியவர் கையில் விடாமல் காவலர் கையில் கொடுத்துப் பார்த்தனர். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ காவல்துறை ஜி.பி.எஸ். மறைத்த மிதிவண்டிகளைத் தூண்டில் இரையாகத் தெருவில் நிறுத்திக் கள்வரைப் பிடித்தது. ஏனைய வண்டிகளிலும் 'இது தூண்டில் வண்டியோ?' என்னும் பொருள்பட ஒட்டுவில்லைகளை ஒட்டச் செய்தது. எது இரை எனத் தெரியாத அச்சமே காவலாயிற்று. நெதர்லாந்தின் வான்மூஃப் நிறுவனம் தடங்காட்டி பொருத்திய வண்டிகளை விற்றதோடு, களவுபோனவற்றைத் தேடிப் பிடிக்கத் தனி ஆட்களையும் வைத்திருந்தது. 2023ஆம் ஆண்டு சூலையில் அந்நிறுவனம் திவாலானபோது, நிறுவனத்தின் கணினி நின்றால் வண்டியை இனித் திறக்கவும் முடியாதோ என வாங்கியவர்கள் கலங்கினர். துப்புக்கூலி வாங்கியவன் ஊரைவிட்டுப் போய்விட்டால் மாடு எங்கே என யாரைக் கேட்பது?

நம் நாட்டில் காவல்நிலையத்திற்குத்தான் செல்ல வேண்டும். அங்கே சட்டம் எவ்வாறு நிற்கின்றது என்பதைப் பலரும் அறியார். 2024 சூலை முதல் நாளன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 303ஆம் பிரிவு களவைப் பற்றியது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைக் களவாடி, முதன்முறையாகக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவர், பொருளையோ அதன் மதிப்பையோ திரும்பக் கொடுத்துவிட்டால் அவர்க்குச் சமூகப் பணியே தண்டனை. பசியால் திருடிய சிறுவனைச் சிறையில் தள்ளாத நல்ல நோக்கம் இது. ஆனால் இத்தகைய சிறு களவு, நடுவர் நீதிமன்றத்தின் ஆணையின்றிக் காவலர் தாமே புலனாய்வு செய்ய இயலாத குற்றங்களின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. பழைய மிதிவண்டிகளின் மதிப்பு பெரும்பாலும் ஐயாயிரத்திற்குள்தான். தறித் தொழிலாளிக்கு அது ஒரு வார வாழ்வு. சட்டத்திற்கு அது சிறு பொருள். ஆகவே வண்டி வாங்கிய ரசீது கையிலிருந்தால் அதன் மதிப்பை நிறுவலாம். புதிய வண்டியாயின் ஐயாயிரத்திற்கு மேற்பட்டது என்பதும் விளங்கும்.

ரசீதினும் முதன்மையானது பிரேம் நம்பர். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால், பெடல் அச்சு செல்லும் குழாயின் அடியில் எழுத்தும் எண்ணுமாகக் குத்தியிருப்பது அதுதான். சில வண்டிகளில் சீட்டுக் குழாயின் மேற்புறத்தில் இருக்கும். வண்ணம் மாற்றினாலும் அது மாறாது. வண்டி அகப்பட்டு நீதிமன்றத்தின் பொறுப்பிற்குப் போனால், அதனை உரியவர் எனக் கேட்டுப் பெறுவதற்கும் அதுவே சான்று. எம் மாணவரிடம் ரசீது இல்லை; அண்ணன் அதனைப் பழையதாக வாங்கியிருந்தார். பிரேம் நம்பரையும் குறித்து வைக்கவில்லை. காவல்நிலையத்தில் எழுத்தர் முதலில் கேட்ட வினா அந்த எண்தான். வரைபடத்துப் புள்ளியை அவர் காட்டினார், எழுத்தர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சரி, இந்த வண்டி உன்னுதுன்னு எப்படிப்பா சொல்றது?" என்றார்.

தம் மேலும் ஊரார் மேலும் நேர்ந்த பழியை எண்ணியோ என்னவோ, அம்மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துச் சைக்கிள் கடை முன் அமர்ந்தார். வந்த வண்டிகளையெல்லாம் கடைக்காரர் கவிழ்த்துப் போட்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தார். மாணவர் எண்ணைப் படித்து, உரியவரின் கைப்பேசியிலேயே படமெடுத்து வைத்தனர். நாமும் சென்றிருந்தோம். விலையில்லா மிதிவண்டி ஒன்றில் துருவேறி, எண்ணின் பாதி அழிந்துவிட்டிருந்தது. அவ்வண்டிக்குரிய பள்ளிச் சிறுமி என்ன செய்வது எனத் தெரியாமல் நின்றாள். கடைக்காரர் எம்மை நோக்கி, "சார், உங்க நோட்டுல ஒரு தாள் குடுங்க" என்றார். கிழித்துக் கொடுத்தோம். அவள் பெயரையும் தெருவையும் எழுதினாள். அவர் அதனைப் பாலித்தீனில் சுற்றி, சீட்டுக் குழாயை உருவி உள்ளே போட்டு முடுக்கினார்.